புல் வெட்டத் தடை

வேலையில் சேர்ந்த முதல் மாதம் நான் போட்ட பட்டியல்களில் ஒன்று இன்னும் என் கொப்பியில் இருக்கிறது. தலைப்பு: கன்றுகளின் எதிரிகள். ஒன்று, மனிதர். இரண்டு, மாடு. மூன்று, காட்டுப்பன்றி. நான்கு, முள்ளம்பன்றி. ஐந்து, நெருப்பு. ஆறு, கேள்விக்குறியோடு, மயில். மயில் எங்கள் மலையின் உயரத்துக்கு ஏறி வரத் தொடங்கியதே அண்மையில்தான். கீழே வெக்கை கூடக் கூட அதுவும் சுற்றுலா போவதுபோல மேலே வந்துகொண்டிருந்தது. அதனால்தான் கேள்விக்குறி.

அந்த வரிசை எவ்வளவு பிழை என்று அடுத்த பங்குனிக்குள் தெரிந்துவிட்டது.

மாத்தளைப் பக்கத்து இரத்தோட்டைக்கு மேலே, தேயிலை முடிந்து காற்று தொடங்குகிற இடத்தில் ஒரு பைன் மலை இருக்கிறது. ஒரு காலத்தில் அதுவும் தேயிலைதானாம். மண் கழுவுண்டு போய், கைவிடப்பட்டு, பிறகு யாரோ ஒரே மூச்சில் பைன் நட்டிருக்கிறார்கள். எல்லா மரமும் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே இடைவெளி. பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டம்போல நிற்கும். இப்படி நிற்பதில் ஒரு சிக்கல். ஒருவருக்குத் தடிமன் பிடித்தால் எல்லோருக்கும் பிடிக்கும். காற்று ஒரு மரத்தைச் சாய்த்தால் பக்கத்து மரத்துக்கும் அதே பலவீனம்தான். நெருப்பு வந்தால், கீழே மெத்தையாகக் கிடக்கும் ஊசியிலை முழுவதையும் ஒரே சாப்பாடாகச் சாப்பிட்டுவிடும். மழையும் முன்புபோல மாதம் பார்த்து வருவதில்லை. வராமலே இருந்துவிட்டு, ஒரு நாள் மொத்தமாக வந்து மண்ணையும் கூட்டிக்கொண்டு போகிறது. இந்தக் காலத்துக்கு விதம்விதமான மரம் உள்ள காடுதான் தாக்குப்பிடிக்கும். ஒன்று விழுந்தாலும் இன்னொன்று நிற்கும்.

நான் வனவியல் படித்துவிட்டு ஒரு சிறிய காடு மீட்புத் திட்டத்தில் சேர்ந்திருந்தேன். எனக்குக் கிடைத்த வேலை இது: பைன் மலையின் நடுவே மூன்று இடங்களில் சில வரிசைகளை எடுத்து வெளி உண்டாக்குவது, ஒவ்வொரு வெளியிலும் இருநூறு கன்று நடுவது. நடுவில் நாவல், நாகமரம், கித்துள், சண்பகம். ஓரத்தில் நெல்லியும் கடுக்காயும். அவை நெருப்பில் கருகினாலும் வேரிலிருந்து திரும்ப எழும்பக்கூடிய சாதி. ஆக மொத்தம் அறுநூறு. இந்த அறுநூறும் முதல் வரட்சியைத் தாண்டினால் மலையின் மற்றப் பக்கங்களையும் இப்படி மாற்றலாம் என்று திட்ட முகாமையாளர் சொல்லியிருந்தார். தாண்டாவிட்டால் மலை காலைக் கூட்டமாகவே நிற்கும். நான் மாத்தளை நகரத்து அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்துக்கு நிறம் தீட்டுவேன்.

ஐப்பசி மழையில் நட்டோம். கார்த்திகையில் நான் பலகை வைத்தேன்.

அந்தப் பலகையைப் பற்றி எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல வேண்டும். மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. "உட்செல்லத் தடை. புல் வெட்டுதல், விறகு பொறுக்குதல், மாடு மேய்த்தல் தண்டனைக்குரிய குற்றமாகும்." தமிழில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. நம் நாட்டு அறிவித்தல் பலகைகளில் தமிழ் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்று விளங்கும். பெயின்ட் அடிப்பவருக்குப் பக்கத்தில் ஒரு முழுக் காலை நின்று, புள்ளி புள்ளியாகப் பார்த்து எழுதுவித்தேன். படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்து மாத்தளையிலேயே தங்கிவிட்டவர். லேசில் எதையும் பாராட்ட மாட்டார். "நல்ல தமிழ்" என்று பதில் போட்டார்.

பலகை நன்றாகவே வேலை செய்தது. அதுதான் பிரச்சினை.

அதற்கு முன்பு, மலைக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து ஏழு பெண்கள், கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகு, புல் வெட்ட ஏறி வருவார்கள். பைனைச் சுற்றி வளரும் மானாப் புல்லை இளசாக இருக்கும்போதே அறுத்து, கட்டாகக் கட்டி, சும்மாட்டில் தூக்கி வைத்துக்கொண்டு மாட்டுக்கு இறங்குவார்கள். பலகை வந்ததும் வரவு நின்றது. நான் கொப்பியைத் திறந்து முதலாவது எதிரிக்கும் இரண்டாவது எதிரிக்கும் நேரே 'சரி' போட்டேன்.

மாசி நடுவில் ஒரு நாள் காவலர் என்னைக் கூப்பிட்டார். அவர் எங்கள் திட்டத்தின் ஒரே காவலர், சிங்களவர். தோட்டத்து மைதானத்தில் கிரிக்கெட் விளையாடியே தமிழ் பழகியவர். அதனால் அவருடைய தமிழ் எப்போதும் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கத்துவதுபோல இருக்கும்.

"மிஸ்! பாருங்க, பாருங்க! புல்லு எங்க நிக்குதுன்னு பாருங்க!"

என் நெஞ்சளவு நின்றது. வெளிறிக் காய்ந்து, கை பட்டால் சரசரத்தது. மலையைச் சுற்றி ஒரு வேலிபோல, மூன்று வெளிக்கும் மேலாலும் கீழாலும்.

"இது புல்லு இல்ல மிஸ். பெட்ரோல். எவனாச்சும் ஒரு பீடி போட்டாப் போதும். அறுநூறும் அவுட்!"

"முந்தி இப்பிடி வளரேல்லையே?"

"முந்தி அக்காமார் வெட்டினாங்க தானே மிஸ்."

நான் பதறுகிற ஆள் இல்லை. பதறும் இடத்தில் கொப்பியின் பக்கத்தைப் புரட்டுவேன். அன்றும் புரட்டினேன். என் பட்டியலின் ஐந்தாவது எதிரியை இவ்வளவு காலமும் பிடித்து வைத்திருந்தவர் முதலாவது எதிரிதான். அவரைத்தான் நான், பிழையில்லாத தமிழில், போகச் சொல்லியிருந்தேன். எரியக்கூடியதை முன்கூட்டியே குறைப்பது பற்றிய பாடத்தில் எனக்கு நல்ல புள்ளி. ஆனால் பாடத்தில் அந்த வேலையைச் செய்தது ஓர் இயந்திரம். அதற்குச் சும்மாடு கட்டியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு லயத்துக்குப் போனேன். வாசலில் ஏழு பேரும் உட்கார்ந்து இஞ்சி போட்ட பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார்கள். பெயர்களை எழுத எனக்கு விருப்பமில்லை. நான் அப்போது மனதுக்குள் அவர்களை அவரவர் வீட்டு மாட்டுக் கணக்கில்தான் வைத்திருந்தேன். மூன்று மாட்டு அக்காதான் அவர்களுக்குத் தலைவி. நாற்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போது கண் மட்டும் சிரிக்காது.

"வாங்க மிஸ், வாங்க. கால்ல அட்ட இருக்கான்னு பாத்துட்டு உக்காருங்க. இப்ப அதுதான் எங்களுக்குச் சொந்தக்காரங்க."

பலகை வந்த பிறகு அவர்கள் அட்டை நிறைந்த ஆற்றோரத்துக்குப் போய்ப் புல் வெட்டுகிறார்களாம். நடை இரண்டு மடங்கு.

"உங்க போர்டு புண்ணியத்துல அட்டைக்கெல்லாம் நல்ல சாப்பாடுங்க," என்றார் ஒரு மாட்டு அக்கா. இவர் கூட்டத்தில் ஆக இளையவர். வாய் மட்டும் மூத்தது.

நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். "அக்கா, நீங்கள் திரும்பவும் மேலே புல்லு வெட்ட வரவேணும். அதைக் கேக்கத்தான் வந்தனான்."

"ஐயோ, அது எப்படிங்க மிஸ்?" என்றார் மூன்று மாட்டு அக்கா. "தண்டனைக்குரிய குற்றமாகும்."

'ஆகும்' வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னார். ஏழு பேரும் சிரித்ததில் ஒருவருடைய பிளேன்டி என் காலில் கொட்டியது.

"அது நான் விட்ட பிழை," என்றேன்.

"பிழையே இல்லீங்களே. எங்க மக வாசிச்சிட்டுச் சொன்னா, இந்த ரோட்டுலேயே பிழை இல்லாத போர்டு அது ஒண்ணுதானாம்."

பிறகு அவர் உண்மையான சிக்கலுக்கு வந்தார். "இப்ப அந்தப் புல்ல மாடு தின்னாதுங்க மிஸ். முத்திப் போச்சு. வாரத்துக்கு ஒருக்கா வெட்டினாத்தான் எளசு வரும். மூணு மாசம் விட்டுட்டு வந்து தின்னுன்னு சொன்னா, மாட்டுக்கும் ஒரு மருவாதி இருக்குல்ல?"

எனக்கு வேறு வழி இல்லை, நெருப்பு வந்தால் அறுநூறும் போய்விடும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு விரலை மடக்கத் தொடங்கினார். வாயால் பட்டியல் போடுகிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். எனக்கு இருப்பே கொள்ளவில்லை, கொப்பியை எடுத்துவிட்டேன்.

முதல் விரல், போர்டு போக வேண்டும். இரண்டாவது, வெட்டுகிற முத்தல் புல்லையும் கீழே கிடக்கும் பைன் இலையையும் மாட்டுக் கொட்டகையில் படுக்கை போட அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது, அதற்குப் பிறகு முளைக்கிற இளம் புல் அவர்களுக்கு மட்டும். தோட்டத்தின் வேறு டிவிஷன்காரர் வரக் கூடாது. நான்காவது, நெருப்பு தாண்டாமல் மலையைச் சுற்றி வெட்டும் பட்டியை வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரிக்க வேண்டும். பெருவிரலைக் கடைசியில் மடக்கினார்.

"அஞ்சாவது, மிஸ்ஸுக்கும் ஒரு பங்கு."

"எனக்கு மாடு இல்லையே அக்கா."

"கன்னு இருக்குல்ல? அறுநூறு. எங்க எல்லாரையும் விட நீங்கதான் பெரிய பண்ணக்காரி."

முகாமையாளர் தொலைபேசியில் சம்மதித்தார்: கன்று நட்ட வெளிகளுக்குள் கால் வைக்காமல், அவற்றைச் சுற்றியுள்ள இடத்தில் மட்டும் செய்யலாம். அன்று பின்னேரமே காவலர் "ஹவ்ஸாட்!" என்று கத்திக்கொண்டு பலகையைப் பிடுங்கினார். அது இப்போது தண்ணீர் ஓடும் கானுக்கு மேலே குப்புறப் போட்ட பாலம்.

பங்கு பிரித்த விதம் எனக்குப் புதிது. அளவு நாடா இல்லை. பாறையிலிருந்து அடிக்கட்டை வரைக்கும் ஒருவருக்கு, அடிக்கட்டையிலிருந்து வளைந்த பைன் வரைக்கும் இன்னொருவருக்கு. சரிவு கடுமையான இடத்தில் பங்கு சிறிது, சமதரையில் பெரிது. மாடு கூடியவருக்கு நீளம் கூட. சண்டை பத்து நிமிடத்தில் முடிந்தது. எனக்குக் கிடைத்தது மூன்றாவது வெளிக்கு மேலே உள்ள மூலை. லேசான இடம் என்று இரக்கப்பட்டுத்தான் கொடுத்தார்கள்.

அவர்கள் வெட்டியதைப் பார்க்க வேண்டும். கொழுந்து முடிந்து ஏறி வருவார்கள், வரிசையாகக் குனிவார்கள், யாருடைய மாமியார் என்ன சொன்னார் என்று ஒரு கதை தொடங்கி முடிவதற்குள் ஒரு பங்கில் பாதி தரையோடு தரையாகக் கிடக்கும். வெட்டிய புல்லைக் கட்டி, பைன் இலையை வாரிச் சாக்கில் அடைத்து, இருட்ட முதல் இறங்கிவிடுவார்கள். இரண்டு வாரத்தில் மலையைச் சுற்றி ஒரு வெறும் பட்டி வந்துவிட்டது. மேல் மூலையைத் தவிர.

மேல் மூலையில் நான் முதல் நாள் ஆறு மீற்றர் அகலத்தை அளந்து இரண்டு பக்கமும் கயிறு கட்டினேன். இரண்டாம் நாள் கயிற்றை நேராக்கினேன். மூன்றாம் நாள் வெட்டத் தொடங்கினேன். உள்ளங்கையில் நான்கு கொப்பளம், இடதில் ஒன்று, வலதில் மூன்று. ஒரு வாரம் கழித்துப் பாய் விரிக்கப் போதுமான அளவுக்கு ஒரு சதுரம் கிடைத்தது. ஆனால் மூலைகள் நான்கும் அருமையான செங்கோணம்.

"மிஸ், இது புல்லு வெட்டா, கேக்கு வெட்டா?" என்று கேட்டார் ஒரு மாட்டு அக்கா.

மூன்று மாட்டு அக்கா கத்தியை நீட்டி மிச்சத்தைக் காட்டினார். "விடுங்க மிஸ். நாளைக்கு நாங்க ஆளுக்கு நாலு வீச்சு வீசினா முடிஞ்சிரும்."

"வேண்டாம் அக்கா. என்ர பங்கை நானே முடிப்பன்."

நிதானமாக, தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். எனக்கு அந்தக் காட்சி இன்னும் ஞாபகம். அந்த நிதானத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

நான்கு நாள் கழித்து, பங்குனிச் சனிக்கிழமை மத்தியானம், மலைக்கு அந்தப் பக்கத்துப் புல்வெளியிலிருந்து புகை வந்தது. முயல் பிடிக்க யாரோ வைத்தது என்றார் காவலர். பயணம் வந்த ஆட்கள் நூடில்ஸ் அவித்தது என்றார்கள் பெண்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த நேரம் அவர்கள் ஏழு பேரும் இரண்டாவது வெளிக்குப் பக்கத்தில் பைன் இலை வாரிக்கொண்டிருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

நெருப்பு வரும் சத்தம் தகரக் கூரையில் மழை பெய்வதுபோல இருந்தது. மூன்று மாட்டு அக்காவின் பங்குக்கு எதிரே வந்து நின்றது. வெறும் மண்ணில் தின்ன ஒன்றுமில்லை. இரண்டு தரம் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கியது. பக்கவாட்டில் நடந்து அடுத்த பங்கைத் தட்டிப் பார்த்தது, அங்கேயும் பூட்டு. அதற்கடுத்ததும் பூட்டு. இப்படியே ஒவ்வொரு வீடாகத் தட்டிக்கொண்டு மேல் மூலைக்கு வந்தது. அங்கே கதவு அகலத் திறந்திருந்தது. ஒரு அழகான செங்கோணச் சதுரம் மட்டும் நடுவில் காவல் நின்றது.

உள்ளே வந்துவிட்டது.

"கொப்பு ஒடிங்க! பச்சக் கொப்பு!" என்று மூன்று மாட்டு அக்கா கத்தினார். "நீங்க ரெண்டு பேரு முன்னுக்குப் போய் வெட்டிவிடுங்க! மிஸ், அந்தக் கொப்பியக் கீழ போட்டுட்டு அடிங்க!"

கொப்பி என் கையில் இருந்ததே எனக்குத் தெரியாது. போட்டுவிட்டு அடித்தேன். மூன்றாவது வெளிக்குள் அது என் கண் முன்னாலேயே நாவல் கன்றுகளுக்கு மேலால் ஓடியது. அங்கிருந்து இரண்டாவது வெளிக்குப் பைன் மரங்களுக்குக் கீழால்தான் போக வேண்டும். அந்த இடத்து ஊசியிலை மெத்தை முழுவதும் அப்போது லயத்து மாடுகளுக்குக் கீழே படுக்கையாகக் கிடந்தது. நெருப்பு வெறும் தரைக்கு வந்தது, சிறுத்தது, எட்டுப் பேருடைய கொப்புகளுக்குக் கீழே செத்தது. காவலர் தண்ணீர்ப் பீப்பாயோடு வந்து சேர்ந்தபோது புகைக்குத்தான் தண்ணீர் ஊற்ற முடிந்தது.

எல்லோரும் கரியாக உட்கார்ந்திருந்தோம். யாரும் மேல் மூலைப் பக்கம் பார்க்கவில்லை. அது எனக்காகத்தான் என்று விளங்கியது. ஒரு மாட்டு அக்காவால்தான் தாங்க முடியவில்லை.

"மிஸ், உங்க கேக்க நெருப்பு சாப்பிட்டுருச்சு."

முதலில் சிரித்தது நான்தான். பிறகு கொஞ்சம் அழுதேன். பிறகு கொப்பியைத் தேடினேன்.

மறுநாள் மிஞ்சிய கன்றுகளை எண்ணினேன். முதலாவது வெளியில் நூற்றெண்பத்தேழு, இரண்டாவதில் நூற்றுத் தொண்ணூற்றொன்று. மூன்றாவதில் நாற்பது. முகாமையாளர் வந்து மலையை ஒரு சுற்றுச் சுற்றினார். கறுப்பு எங்கே நின்றது, எங்கே நுழைந்தது என்று வரைந்து வைத்ததுபோலத் தெளிவாகத் தெரிந்தது. "இந்த மூலையில் மட்டும் ஏன்?" என்று சிங்களத்தில் கேட்டார். "அது என்னுடைய பங்கு, நான் வெட்டவில்லை" என்றேன். பக்கத்தில் நின்ற காவலர் வானத்தைப் பார்த்தார்.

முகாமையாளர் வெட்டிய பட்டியில் இன்னொரு முறை நடந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். அடுத்ததாக மாற்றப்போவது மலை முழுவதும் இல்லை. தெற்குச் சரிவு மட்டும். பட்டி முதலில், கன்று பிறகு.

சித்திரை மழை இரண்டு பெய்ததும் எரிந்த மூலையில் நெல்லிகள் சில வேரிலிருந்து சிவப்பாகக் குருத்து விட்டன. செத்தவர் பட்டியலிலிருந்து பத்தொன்பது பேரை அழித்து எழுதினேன். ஆனால் பெண்களின் கண் நெல்லியில் இல்லை. கறுப்பு மண்ணிலிருந்து மானாப் புல் அவ்வளவு பச்சையாக, அவ்வளவு மெத்தென்று வந்திருந்தது. மாடு இல்லாத எனக்கே பசித்தது.

"நாளைக்கு இங்க வெட்டலாமா?" என்று ஒரு மாட்டு அக்கா கத்தியை எடுத்தார்.

"இந்த வருசம் அதுல யாரும் கைவைக்கக் கூடாது," என்றார் மூன்று மாட்டு அக்கா. "எரிஞ்ச எடத்துப் புல்லு ருசின்னு மாட்டுக்குத் தெரிஞ்சாப் பரவால்ல. நம்ம ஆளுங்க ருசி கண்டா, அடுத்த வருசம் எவனாச்சும் நெருப்புப் பெட்டியோட வருவான்."

நான் கொப்பியைத் திறந்தேன்.

"எழுதுங்க மிஸ், எழுதுங்க. போர்டு மட்டும் வெச்சிராதீங்க."

அதற்கு அடுத்த வாரம் தெற்குச் சரிவுக்குப் பங்கு பிரித்தார்கள். ஆற்றோரத்து அட்டைகளைக் கைவிட்டு இன்னும் இரண்டு வீட்டார் சேர்ந்திருந்தார்கள், ஒன்பது பங்கு. பாறையிலிருந்து ஓடை வரைக்கும், ஓடையிலிருந்து இரட்டைப் பைன் வரைக்கும். நான் ஒரு ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு, என் முறைக்குக் காத்து நின்றேன். ஒன்பதும் முடிந்து எல்லோரும் கத்தி தீட்ட உட்கார்ந்துவிட்டார்கள்.

"அக்கா, எனக்கு?"

"மிஸ்ஸுக்குப் பங்கு இல்ல," என்றார் மூன்று மாட்டு அக்கா, தலை நிமிராமல். "நீங்க எண்ணுங்க. அதுல உங்கள மிஞ்ச ஆள் இல்ல."

"அஞ்சாவது விரலுக்கு மிஸ்ஸுக்கும் ஒண்டு எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

"சொன்னேன். பாத்துட்டேன். மடக்கின விரல நிமித்திட்டேன்."

நான் நகரவில்லை. ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மூன்று மாட்டு அக்கா பெருமூச்சு விட்டு எழுந்து, சரிவின் அடியில் கிடந்த ஒரு பெரிய கரும்பாறைக்குப் போனார். அதன் பக்கத்தில் மூன்று எட்டு நடந்து அளந்தார். பாறைக்கும் ஓடைக்கும் நடுவே, ஈரத்தில், நாலு கொத்துப் புல். நெருப்பு தானாக விரும்பினாலும் அங்கே போகாது.

"இந்தாங்க. இது ஒங்களுக்கு."

கயிறு கட்டவில்லை, அளக்கவில்லை. குனிந்து வெட்டத் தொடங்கினேன். நாலு வீச்சில் முடிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஒன்பது பேரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சிருச்சாங்க மிஸ்?" என்று மேலேயிருந்து கத்தினார் ஒரு மாட்டு அக்கா. "அப்படியே அந்தப் பாறையையும் கொஞ்சம் சீவிவிட்டுட்டு வாங்க!"